கூரையின் அளவும் தார்ப்பாயின் அளவும்



ஐப்பசி பிறந்ததும் சபைகளிலிருந்து எங்களுக்கு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும்: "ஐயா, இந்த ஆண்டு எத்தனை தார்ப்பாய் வேண்டும்?" அன்போடு கேட்கப்படும் கேள்வி. ஆனால் அதற்கு விடை எழுத உட்கார்ந்தால், "எந்த அளவில்?" என்று திருப்பிக் கேட்க வேண்டியதாயிருக்கிறது. ஒரு முறை நூறு தார்ப்பாய்கள் கொண்ட கட்டு ஒன்று வந்தது. எல்லாம் 12 அடிக்கு 15 அடி. கொடுத்தவர்களின் மனதுக்குக் குறையில்லை. ஆயினும் அந்த நூறில் ஒன்றுகூட ஒரு குடிசையை முழுமையாக மூடவில்லை. அவை விறகையும் ஆட்டுக்கொட்டிலையும் மூடவே பயன்பட்டன.

ஓரடி குறைந்த தார்ப்பாய் ஓரடி அளவுக்கு மட்டும் குறையுள்ளது என்று எண்ண வேண்டாம். கூரையில் விழும் நீரெல்லாம் வழிந்து இறங்குவது ஓரத்தில்தான். பாய் சுவருக்கு நேரே முடிந்துவிட்டால் அவ்வளவு நீரும் சுவரின் மேலேயே கொட்டும். மண் சுவராயிருந்தால் இரண்டு மூன்று இரவுகளில் ஊறி அடிப்பாகம் கரையும். அதன் பின் கூரை நின்றாலும் சுவர் நிற்காது. ஆகையால் இம்மாதக் கடிதத்தில் கூரையை எப்படி அளப்பது, அந்த அளவுக்கு எந்தப் பாயை வாங்குவது என்பதைச் சற்று விரிவாக எழுதுகிறேன். பள்ளிக்கூடக் கணக்குக்கு மேல் இதில் எதுவும் இல்லை.

முதலில் நம் பகுதியைப் பாருங்கள். பிள்ளைப்பாக்கம் என்றால் வெளியூரார் நினைப்பது சிப்காட் தொழிற்பூங்காவையும் ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் சாலையில் வரிசையாக நிற்கும் தொழிற்சாலைகளையும்தான். தொழிற்சாலைக் கூரைகளைப் பற்றி நமக்குக் கவலையில்லை. அவற்றைப் பொறியாளர்கள் பார்த்துக்கொள்வார்கள். நாம் போய்ப் பார்க்கும் கூரைகள் அவற்றின் பின்னால் இருக்கின்றன. ஒரே நீளச் சுவரில் எட்டு அறை, பத்து அறை என்று கட்டி, மேலே சிமெண்ட் ஷீட் போட்டு, வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடப்படும் லைன் வீடுகள் ஒரு பக்கம். ஏரிக்கரைப் பக்கத்தில் பழைய ஓலைக் குடிசைகள் மறுபக்கம். வடகிழக்குப் பருவமழை கனத்துப் பெய்யும் ஆண்டுகளில் பிள்ளைப்பாக்கம் ஏரி நிரம்பி, உபரி நீர் செம்பரம்பாக்கம் ஏரியை நோக்கிப் போகும். காற்றும் இப்பகுதியை விட்டுவைப்பதில்லை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையருகே கரை கடந்தது. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் மாமல்லபுரத்தருகே கரையேறியது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் நம் மாவட்டங்களை மழையில் ஆழ்த்தியது.

ஆயினும் தார்ப்பாயின் அருமையைத் தமிழ்நாடு முழுவதும் உணர்ந்தது கஜா புயலில்தான் என்று சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே அது கரை கடந்தது. நாகை, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் குடிசைகளும் சேதமடைந்தன. டெல்டாவில் ஏழையின் கூரை தென்னங்கீற்று. அந்தக் கீற்றைத் தரும் தென்னைகளும் லட்சக்கணக்கில் சாய்ந்துபோயின. கூரை போனால் புதுக்கீற்று முடைந்து போட்டுக்கொள்ளலாம் என்ற வழக்கமான வழி அடைபட்டது. அடுத்த வாரமே மழையும் வந்தது. அந்நாட்களில் அரிசி கேட்டவர்களைப் போலவே தார்ப்பாய் கேட்டவர்களும் இருந்தார்கள். மாநிலமெங்குமிருந்து லாரிகளில் பாய் போய்ச் சேர்ந்தது. எல்லா அளவிலும் போயிற்று. எந்த வீட்டுக்கு எது பொருந்தும் என்று பிரித்துக் கொடுக்கத்தான் அவ்விடங்களில் நேரமோ ஆளோ இல்லை.

இனி கணக்குக்கு வருவோம். கொத்தனார்கள் 100 சதுர அடியை ஒரு 'சதுரம்' என்பார்கள் அல்லவா? அந்தக் கணக்கிலேயே சொல்கிறேன். சுவருக்குச் சுவர் 15 அடி அகலமும் 20 அடி நீளமும் உள்ள ஒரு குடிசையை எடுத்துக்கொள்ளுங்கள். தரை 300 சதுர அடி, அதாவது மூன்று சதுரம். பெரும்பாலோர் இங்கேயே நின்று, "15-க்கு 20 பாய் ஒன்று" என்று எழுதிவிடுகிறார்கள்.

ஆனால் கூரை சுவரோடு நிற்பதில்லை. இறவாரம் வெளியே நீண்டிருக்கும். ஓலைக் குடிசையில் அது 2 அடி இருக்கலாம். நான்கு பக்கமும் 2 அடி சேர்த்தால் 19-க்கு 24 ஆகிறது. அடுத்து, கூரை படுத்திருக்கவில்லை, சாய்ந்து ஏறுகிறது. ஓலைக்கூரை நீர் ஒழுகாதிருக்க வேண்டுமானால் செங்குத்தாகத்தான் வேயவேண்டும். ஓரடி உள்ளே போனால் ஏறத்தாழ ஓரடி மேலே ஏறும். அகலத்தில் பாதி ஒன்பதரை அடி. அவ்வளவு உள்ளே போய் அவ்வளவே மேலேறும் சாய்வின் நீளம் 13 அடி 5 அங்குலம். இரண்டு பக்கமும் சேர்த்து ஏறத்தாழ 27 அடி. ஆக, கூரை 27-க்கு 24. பெருக்கிப் பாருங்கள்: 648 சதுர அடி, ஆறரைச் சதுரம். மூன்று சதுரத் தரைக்கு ஆறரைச் சதுரக் கூரை! தரையை அளந்து பாய் வாங்குகிறவர் பாதிக் கூரைக்குக் குறைவாகவே வாங்குகிறார்.

சாய்வு நீளத்தைக் கண்டுபிடிக்கப் பிதாகரஸ் தேற்றம் நினைவிருப்பவர்கள் வர்க்கமூலம் எடுத்துக்கொள்ளலாம். போதையனார் பெயரால் வழங்கிவரும் நம் ஊர்க் கணக்கு அதைவிட எளிது, வர்க்கமூலமே வேண்டாம். நீண்ட பக்கத்தை எட்டுக் கூறாக்கி ஒரு கூற்றைத் தள்ளிவிட்டு, மீதியோடு குறுகிய பக்கத்தில் பாதியைச் சேர்த்தால் சாய்வின் நீளம் வந்துவிடும். உதாரணமாக, உள்நோக்கி 12 அடி, உயரம் 9 அடி என்றால், 12-இல் எட்டில் ஒன்றைக் கழிக்கப் பத்தரை, 9-இல் பாதி நாலரை, மொத்தம் 15. தேற்றப்படியும் 15-தான். உயரம் 6 அடியானால் பதின்மூன்றரை வரும். சரியான விடையைவிட ஓர் அங்குலம்தான் கூடுதல். நம் ஓலைக்குடிசையைப் போலக் கூரை மிகச் செங்குத்தாக இருந்தால் மட்டும் இந்த முறை நாலைந்து அங்குலம் குறைத்துக் காட்டும். அப்போது பக்கத்துக்கு அரை அடி சேர்த்துக்கொள்ளுங்கள்.

கூரை ஏறும் விகிதத்தை அறிய மேலே ஏறத் தேவையில்லை. வீட்டின் குறுக்குப் பக்கத்தில், கைமரம் வெளியே தெரியும் இடத்தில், ஓரடி அளவுகோலின் ஒரு நுனியைக் கைமரத்தோடு ஒட்டிவைத்து மட்டமாகப் பிடியுங்கள். பாதி தண்ணீர் உள்ள பாட்டிலைக் கோலின் மேல் படுக்கவைத்தால் மட்டம் தெரிந்துவிடும். கோலின் மறுநுனியிலிருந்து நேர் மேலே கைமரம் எத்தனை அங்குல உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். 12 அங்குலமானால் தரையளவை 1.41-ஆல் பெருக்க வேண்டும். 9 ஆனால் 1.25; 6 ஆனால் 1.12, 3 ஆனால் 1.03. ஓலைக்கூரை முதல் வகை. ஓட்டுக்கூரை பெரும்பாலும் 6 அல்லது 7 அங்குலம். (மங்களூர் ஓடு என்று நாம் சொல்வது பாசல் மிஷனார் 1865-இல் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவியது. மிஷன் மருத்துவமனையின் பழைய கட்டடங்களில் நோயாளியாய்ப் படுத்து மேலே பார்த்திருந்தவர்களுக்கு அந்த ஓட்டைத் தெரிந்திருக்கும்.) சிமெண்ட் ஷீட் கூரை கடைசி வகையை ஒட்டியது. அதில் சாய்வினால் கூடுவது சொற்பம்.

இவ்வளவு கணக்கும் வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு கயிறு போதும். ஒரு நீளக் கயிற்றின் நுனியில் சிறு மணல் பையைக் கட்டி முகட்டுக்கு மேலே எறிந்து, மறுபக்கம் ஒருவர் பிடித்து, இரு இறவாரங்களுக்கும் நடுவே உள்ள நீளத்தை முடிச்சிட்டு எடுத்து அளக்கலாம். கல்லைக் கட்டி எறியாதீர்கள். ஷீட் உடையும், எதிர்ப்பக்கம் நிற்பவர் தலையும் உடையும். முகடு முறிந்து தொய்ந்திருந்தால் கயிறும் தொய்ந்து குறைவாகக் காட்டும். அப்படிப்பட்ட வீட்டுக்கு மேற்சொன்ன கணக்கே நம்பத்தக்கது.

முகட்டின் இரண்டு பக்கம் மட்டும் சரியும் கூரைக்கு இது சரி. நான்கு பக்கமும் சரியும் கூரையானால், அதே 19-க்கு 24 வீட்டில் பரப்பளவு மாறாது. ஆனால் நீளவாட்டத்திலும் கயிறு ஏறி இறங்க வேண்டியிருப்பதால் 24 அடிக்குப் பதில் 32 அடி வரும். பாய் நீள்சதுரமாக வருகிற பொருள். கூரை முக்கோணமாகக் குறுகுகிற இடத்திலும் அதைக் குறுக்க முடியாது, மடித்துத்தான் கட்டவேண்டும். சதுர அடியை மட்டும் சொல்லிப் பாய் கேட்கக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. இரண்டு நீளங்களையும் தனித்தனியே சொல்ல வேண்டும்.

இந்த அளவுக்குமேல் பாய் எவ்வளவு கூடுதலாக இருக்க வேண்டும்? ஓரத்தை மூங்கிலிலோ ரீப்பர் கட்டையிலோ ஒரு சுற்றுச் சுற்றி, கூரை நுனியைத் தாண்டித் தொங்கவிட்டு, கயிறு போட்டு இழுத்துக் கட்ட வேண்டும். ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை அடி, அதாவது ஒரு முழம், இதற்குப் போதும். யாத்திராகமம் 26-ஆம் அதிகாரத்தை வாசித்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆசரிப்புக் கூடாரத்தின் உள்திரைகள் 28 முழ நீளம். அவற்றின் மேலே மழைக்கும் வெயிலுக்குமாகப் போட்ட ஆட்டுமயிர் மூடுதிரைகளோ 30 முழம். இந்தப் பக்கம் ஒரு முழமும் அந்தப் பக்கம் ஒரு முழமும் தொங்கும்படி விடப்பட்டது. உள்ளே பத்துத் திரை, மேலே பதினொன்று. மிஞ்சியதில் முன்புறம் மடிப்பும் பின்புறம் தொங்கலும் கணக்காகச் சொல்லப்பட்டிருக்கின்றன. வனாந்தரத்தில் கூடாரமடித்து வாழ்ந்த ஜனங்களுக்கு ஓரத்தின் அருமை தெரிந்திருந்தது.

நம் குடிசைக்குத் திரும்புவோம். 27-உடன் இருபுறமும் முழம் சேர்க்க 30 அடி. 24-உடன் சேர்க்க 27 அடி. கடையில் கிடைக்கும் அளவுகளில் 30-க்கு 30 பாய் ஒன்று இதற்குச் சரியாகும். ஆனால் எனக்கு அதைவிட 18-க்கு 30 பாய் இரண்டு வாங்குவதே மேலாகப் படுகிறது. பரப்புக் கூடுவதால் விலை கொஞ்சம் கூடும். ஆனால் ஒவ்வொன்றையும் ஒரு பக்கத்து இறவாரத்தில் கட்டி மேலே இழுத்தால், முகட்டைத் தாண்டி மறுபக்கம் மூன்றடி இறங்கும். இரண்டு பாயும் முகட்டின் மேல் ஒன்றையொன்று ஆறடி மூடிக்கொள்ளும். கூரை முதலில் ஒழுகுகிற இடம் முகடு. அங்கே இரட்டைப் பாதுகாப்பு கிடைக்கிறது. தூக்குவதும் எளிது. பின்னொரு நாள் அந்தக் குடும்பம் ஒன்றைக் கூரையிலும் மற்றொன்றை அடுப்படிக்கும் வைத்துக்கொள்ளலாம்.

பெரிதாக வாங்கினால் கெடுதல் இல்லை என்று சிலர் நினைப்பதுண்டு. கெடுதல் உண்டு. மிஞ்சித் தொங்கும் பாய் காற்றில் படபடவென்று அடித்துக்கொள்ளும். வளையங்கள் பிய்வதும் மடிப்புகளில் கிழிவதும் இப்படித்தான். தளர்வாகக் கிடந்தால் குழிந்து நீர் தேங்கும். ஒரு சதுரத்தின் மேல் ஓர் அங்குலத் தண்ணீர் நின்றால் அதன் எடை 236 கிலோ! உளுத்த கைமரத்தின் மேல் மூன்று ஆள் ஏறி உட்கார்ந்ததற்குச் சமம். மிஞ்சினதைச் சுருட்டி உட்புறமாக மடித்துக் கட்டிவிட வேண்டும்.

இனி ஷீட் கூரை. லைன் வீட்டை அளக்கக் கயிறுகூட வேண்டாம், அறைக்குள் நின்று ஷீட்டுகளை எண்ணினால் போதும். ஒரு ஷீட் ஒன்றன்மேல் ஒன்று ஏறியது போக மூடும் அகலம் ஒரு மீட்டருக்குச் சற்று மேல், அதாவது மூன்றேகால் அடிக்கு மேல். மூன்று ஷீட் 10 அடி. ஆறு ஷீட் 20 அடி. இவ்வீடுகள் பெரும்பாலும் ஒரே பக்கம் சரியும் கூரையுடையவை. 10 அடி அகல அறை, முன்தாழ்வாரத்தோடு 14 அடி ஆழம் என்று வைத்துக்கொள்வோம். சாய்வினால் ஆறு அங்குலம்கூடச் சேராது. மேலும் கீழும் முழம் சேர்த்தால் பதினேழரை அடி. 18 அடிப் பாய் வேண்டும். அகலத்தில்தான் கவனம் தேவை. பக்கத்து அறையின் கூரையிலிருந்து வரும் நீர் பாயின் ஓரத்தில் நுழையாதிருக்க, இரு புறமும் மூன்றடி அடுத்த கூரையின் மேல் ஏறியிருக்க வேண்டும். ஆகவே 16 அடி. 18-க்கு 18 கிடைத்தால் நன்று. இல்லாவிட்டால் 18-க்கு 24. ஆனால் அடுத்தடுத்த இரண்டு அறைகள் சேதப்பட்டிருந்தால் 26 அடிதான் வேண்டும், 18-க்கு 30 பாய் ஒன்றே போதும். லைன் வீடுகளுக்கு அறைவாரியாகப் பெயர் எழுதாமல் வரிசைவாரியாக எழுதுங்கள் என்று நான் கேட்டுக்கொள்வது இதனால்தான்.

முழுக்கூரையும் போகாமல் நடுவில் மட்டும் ஓட்டை விழுந்த வீடுகளே அதிகம். ஆறடிக்கு ஆறடி ஓட்டைக்கு எட்டடிக்கு எட்டடிப் பாய் போதும் என்று தோன்றும். போதாது. ஓட்டைக்கு மேலே உள்ள கூரையில் விழும் மழை ஓடிவந்து பாயின் மேல்விளிம்புக்குள் நுழைந்துவிடும். பாய் எப்பொழுதும் முகட்டிலிருந்து தொடங்க வேண்டும். முகட்டைத் தாண்டி மறுபக்கம் மூன்றடி இறங்கி, இந்தப் பக்கம் ஓட்டையை மூடி, இறவாரம் வரை வந்து தொங்க வேண்டும். சாய்வு நீளம் 12 அடியானால், பாயின் நீளம் ஓரத்துக்கு முழமும் சேர்த்துப் பதினாறரை அடி. அகலம் ஓட்டைக்கு இருபுறமும் மும்மூன்று அடி சேர்த்து 12 அடி. ஆக, 12-க்கு 18 பாய். இரண்டு பாய்களை மேலும் கீழுமாக இணைக்க நேர்ந்தால் ஓடு வேய்வது போலக் கீழ்ப்பாயை முதலில் போட்டு, மேற்பாய் அதன்மேல் இரண்டடியாவது ஏறும்படி போட வேண்டும்.

சிமெண்ட் ஷீட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கையை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். அதன் மேல் யாரும் மிதிக்கக்கூடாது. பழைய ஷீட் பார்வைக்குக் கல் போலிருக்கும். நனைந்து வெடிப்பு விட்டிருந்தால் ஓர் ஆள் எடையைத் தாங்காது. புயலுக்கு மறுநாட்களில் நாங்கள் வார்டில் சந்திக்கும் முறிவுகளில் காற்று முறித்தவையும் உண்டு, கூரையைச் சரிசெய்ய ஏறி விழுந்தவையும் உண்டு. கூரை நின்ற வீட்டுக்காரர் இடுப்பெலும்பு முறிந்து கிடப்பதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. ஏணியைச் சுவரில் சாய்த்து, இறவாரத்திலிருந்தே நீளக் கம்பினால் பாயைத் தள்ளி, மறுபக்கம் கயிறு கட்டி இழுத்துக் கட்டலாம். ஏறித்தான் ஆகவேண்டுமென்றால் கைமரத்தின் மேல் விழும்படி அகலப் பலகை போட்டு அதன்மேல்தான் நகர வேண்டும். கல்நார் கலந்த ஷீட்டை அறுக்கவும் துளைக்கவும் கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்குப் பெருங்கேடு. உடைந்த துண்டுகளை நனைத்து, முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, பையில் கட்டி ஒதுக்குங்கள்.

அமெரிக்காவில் பெரும்புயலுக்குப் பின் அந்நாட்டு இராணுவப் பொறியாளர் படையினர் 'நீலக்கூரை' என்ற பெயரில் வீடுகளுக்கு நீலப்பாய் போட்டுக் கொடுக்கிறார்கள். வீட்டுக்காரரின் எழுத்துமூல அனுமதி பெற்று, கூரையைப் பார்வையிட்டு, அதன் பிறகே பாய் வருகிறது. மரச்சட்டம் வைத்து ஆணியடித்துவிடுகிறார்கள். முதலில் அளவு, பிறகு பாய் என்ற அந்த ஒழுங்கை நாம் எடுத்துக்கொள்ளலாம். ஆணியை நம் ஷீட் கூரை தாங்காது. நமக்கு மண் மூட்டையும் கயிறும்தான். இரு முனையிலும் மணல் மூட்டை கட்டிய கயிறுகளை முகட்டின் மேல் குறுக்காகப் போட்டுத் தொங்கவிட்டால் பாய் அசையாது. செங்கல்லையும் பழைய டயரையும் கூரை மேல் வைப்பது நம் வழக்கம். காற்றில் அவை எங்கே போய் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

செஞ்சிலுவைச் சங்கம் போன்ற சர்வதேச அமைப்புகள் எல்லா நாடுகளுக்கும் ஒரே அளவான பாயை அனுப்புகின்றன: 4 மீட்டருக்கு 6 மீட்டர். நம் கணக்கில் 13 அடிக்கு 20 அடிக்குச் சற்றே குறைவு. ஒரு குடும்பத்துக்கு இரண்டு பாயும் கயிறும் கருவிகளும் சேர்த்தே கொடுக்கிறார்கள். பேரிடர் உதவிக்கான 'ஸ்பியர்' நியமங்களின்படி ஆளுக்குக் குறைந்தது மூன்றரைச் சதுர மீட்டர் மூடிய இடம் வேண்டும். ஐந்து பேருக்கு 188 சதுர அடி. இந்த அளவு, வீடு முழுவதும் போனவர்கள் புதிதாய்ப் பந்தல் போட்டுத் தங்குவதற்கு ஏற்றது. நிற்கிற கூரையை மூட வரும்போது, மேலே நாம் பார்த்த குடிசைக்கு அப்படிப்பட்ட பாய் இரண்டும் போதாது. கேட்டு வாங்குகிறவர்கள் இவ்விரண்டு தேவைகளையும் பிரித்து எழுதினால் நல்லது.

பாயின் கனத்தை ஜி.எஸ்.எம். என்று சொல்வார்கள், ஒரு சதுர மீட்டர் பாய் எத்தனை கிராம் என்பதே அது. ஒரு மழைக்காலம் தாங்க 200 வேண்டும். பாயின் மேல் அச்சிட்டிருப்பதை நம்பி வாங்க வேண்டாம். எடை போட்டுப் பாருங்கள். 18-க்கு 24 பாய் 40 சதுர மீட்டர். 200 ஜி.எஸ்.எம். என்றால் 8 கிலோ இருக்க வேண்டும். 5 கிலோவுக்குக் கீழே நின்றால் அது 120 ஜி.எஸ்.எம். பாய். வளையங்கள் மூன்றடிக்கு ஒன்றாவது இருக்கவேண்டும், ஓரத்துக்குள் கயிறு வைத்துத் தைத்திருக்க வேண்டும். நிறத்தைப் பொறுத்தவரை கறுப்பைத் தவிருங்கள். 2004 சுனாமிக்குப் பின் தார் ஷீட்டால் போட்ட தற்காலிகக் குடியிருப்புகளில் பகல் வேளையில் உட்கார முடியாமல் குழந்தைகளும் முதியோரும் பட்ட பாட்டைப் பலர் இன்னும் மறக்கவில்லை. வெள்ளையோ வெளிர்நிறமோ உள்ள பாய் வெப்பத்தைக் குறைக்கும். எந்தப் பாயானாலும் அடுப்புக்கு நேர் மேலே தாழ்ந்து தொங்க விடக்கூடாது.

சபையாருக்கு என் வேண்டுகோள் இதுதான். பாயை முன்கூட்டியே வாங்கி அனுப்புவதைவிட, உங்கள் வாலிபர் ஐக்கியத்திலிருந்து இரண்டு பேரை அளவு நாடாவோடும் கயிற்றோடும் புரட்டாசி மாதமே எங்களோடு அனுப்புங்கள். வீட்டுக்கு நாலு விவரம் போதும்: முகட்டின் போக்கில் இறவாரம் முதல் இறவாரம் வரை எத்தனை அடி, முகட்டுக்கு மேலாக எத்தனை அடி, கூரை ஓலையா ஓடா ஷீட்டா, எத்தனை பக்கம் சரிகிறது. ஒரு வீட்டுக்குக் கால் மணி நேரம்கூட ஆகாது. இந்த விவரம் முன்பே கையிலிருந்தால் புயல் எச்சரிக்கை வந்த அன்றே எந்த அளவில் எத்தனை என்று கடைக்காரருக்குச் சொல்லிவிடலாம். ஒவ்வொரு பாய்க்கும் 5 மில்லிமீட்டர் கனமுள்ள நைலான் கயிறு 30 மீட்டரும் வெறும் சாக்குகள் பத்தும் சேர்த்து அனுப்புங்கள். கயிறில்லாமல் வந்த பாயைக் கட்டச் சேலையைக் கிழித்த வீடுகள் உண்டு.

மழை நின்றபின் பாயைக் கூரையிலேயே விட்டுவிட்டால் பங்குனி வெயில் அதைப் பொடியாக்கிவிடும். தை பிறந்ததும் கழற்றி, கழுவி, இருபுறமும் நன்றாக உலர்த்தி, எலி அண்டாத இடத்தில் மடித்து வைத்தால் அடுத்த ஆண்டுக்கும் உதவும். மடிக்குமுன் அதன் ஒரு மூலையில் அளவையும் வாங்கிய ஆண்டையும் பெயிண்டால் பெரிதாக எழுதிவிடுங்கள். இருட்டில், மழையில், பாயைப் பிரித்துப் பார்த்து அளவு தேட நேரமிருக்காது.